தைக்காமல் விட்ட மணிவரி

இன்று காலை உன் மகள் வந்திருந்தாள். தோள்பையிலிருந்து ஒரு துணிப்பொதியை எடுத்துக் குசினி மேசையில் வைத்து அவிழ்த்தாள். அவ்வளவுதான், வீடு முழுக்கப் புகை மணம். அடுப்பில் பால் வைத்திருந்தேன். ஹோலில் கதிரையில் இருந்த என் மாமி, "ஆர் பிள்ளை குசினியில என்னத்தைக் கருக்கிறது?" என்று குரல் கொடுத்தார். ஒன்றும் கருகவில்லை மாமி என்று சொன்னேன். சொன்ன குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நீ செய்துகொண்டிருந்த கத்தியுறைதான். உன் தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய மூஸ் மான் தோல், மரப்புகை போட்டுப் பதனிட்டது. ஒரு வருடம் அலுமாரிக்குள் கிடந்தும் அந்த மணம் விட்டுப்போகவில்லை. முகப்பில் உங்கள் குடும்பத்துக் காட்டு ரோஜா. நாலு இதழ் முடிந்து ஐந்தாவது இதழ் பாதியில் நின்றது. அந்தப் பாதிக்கு மேலே ஒரு வரி மணி நூலில் கோத்தபடி, தோலோடு தைக்கப்படாமல் தொங்கியது. மணிகள் கழன்று கொட்டாமல் இருக்க உன் மகள் அதன்மேல் நீல நிற ஒட்டுநாடா ஒட்டியிருந்தாள். நூலின் நுனியில் உன் ஊசி அப்படியே இருந்தது.

"அன்ரி, சண்டே ஃப்ளைட்," என்றாள். உன் சாம்பலைக் கொண்டுபோகிறாள். உன் தம்பி வீட்டில் உனக்கு வருட நினைவு விருந்து வைக்கிறார்களாம். அன்றைக்கு இந்த உறையை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதிலிருந்து கத்தியை எடுத்துத் தானே எல்லோருக்கும் இறைச்சி வெட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சமையல்காரிதானே, அவளுக்கு வேறு எப்படித் துக்கம் காக்கத் தெரியும். "ஜஸ்ட் திஸ் வன் ரோ, அன்ரி," என்றாள், இந்த ஒரு வரியை மட்டும் தைத்துத் தந்தால் போதுமாம். வேறொருவரிடம் கொடுக்க மனமில்லை என்பதையும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

இன்று கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள். சூரன்போர் திங்கட்கிழமை. இதற்கு மேல் உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. போன வருடமும் இந்த ஆறு நாட்கள்தான் எங்களுக்கு நடுவில் வந்து நின்றன.

"வைச்சிட்டுப் போ பிள்ளை," என்றேன். தைத்துத் தருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாளைப் பின்னேரம் வேலைக்குப் போகும் வழியில் வந்து எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பரமட்டா பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். உன்னைப் போலவே கதவை இடித்துத்தான் சாத்துகிறாள்.

அவள் போன பிறகு உறையைத் தொடாமல் அதன் முன்னால் இருந்தேன். ஒரு பக்கம் என் விரதம். மற்றப் பக்கம் உன் சட்டம். கெட்ட மனதோடு ஊசி தொடக் கூடாது என்பாய். "கோபமோ கவலையோ இருந்தால் வெளியில போய் நடந்திட்டு வா. தோல் எல்லாத்தையும் வாங்கி வைச்சிருக்கும். பிறகு அதைக் கட்டுற ஆள்தான் சுமக்க வேணும்." உங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்வார்களாம். என்னிடம் இப்போது இருப்பது கோபமில்லை, குற்ற உணர்வு. அதை உன் மகளின் இடுப்பில் கட்டி விமானத்தில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஊசிக்கு முதல் பேனையை எடுத்திருக்கிறேன். இங்கே இறக்கி வைத்துவிட்டுப் பிறகு தைக்கலாமா என்று பார்க்கிறேன்.

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் என்றால் இரண்டு தரம் சொறி சொல்லி முடித்துவிடுவேன். ரெயினில் யாராவது என் காலை மிதித்தாலும் என் வாயில்தான் அந்தச் சொல் வரும், அவ்வளவு மலிந்துபோனது. நீ என்னோடு பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் காதில் அது எங்கள் பேச்சாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

உன்னை முதலில் கண்டது டூங்கபியில் ஒரு புடவைக் கடையில். கல்யாண பிளவுஸ் ஒன்றுக்கு ஆரி வேலை செய்ய மணி வாங்கப் போயிருந்தேன். நீ பஸ் டிறைவர் சீருடையோடு நின்று, மணிப் பொட்டலத்தைக் கண்ணாடி மேசையில் கொட்டி, அரிசியில் கல் பார்ப்பதுபோல விரலால் தள்ளித் தள்ளிப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். கடைக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "இதென்ன புளியங்கொட்டையே பொறுக்கி எடுக்க?" என்று எனக்குத் தமிழில் முறையிட்டார். என்ன சொல்கிறார் என்று நீ கேட்டாய். நீங்கள் நன்றாகப் பொறுக்குகிறீர்களாம் என்றேன். நீ என்னையும் பார்த்தாய், அவரையும் பார்த்தாய், பிறகு கடை அதிரச் சிரித்தாய். நான் பொய் சொல்கிறேன் என்று அன்றே உனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு கோணல் மணி உள்ள போனால் காணும், வரி முழுக்கக் கோணும்," என்று சொல்லி, நீ கழித்த மணிகளைக் காட்டினாய். எனக்கு வெறுங்கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நீ கனடாவின் பூர்வகுடிகளான க்ரீ இனத்துப் பெண் என்றும், இங்கே ஒருவனைக் கட்டி வந்து, அவன் போய் நீ மட்டும் இங்கே நின்றுவிட்டாய் என்றும், பஸ் ஓட்டாத நேரம் தோலில் பையும் கத்தியுறையும் செய்து மணி வேலை போடுகிறாய் என்றும் ஸ்ரேசன் வரைக்கும் நடந்துபோவதற்குள் சொல்லிவிட்டாய். நான் என்னைப் பற்றிச் சொல்ல இடமே கிடைக்கவில்லை.

பிறகு என் முன் அறையில் வந்து ஆரிச் சட்டத்தின் முன்னால் நின்றாய். கொக்கி ஊசி துணிக்குள் குத்தி மணியை இழுத்து இழுத்து ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "உன்ர வேலை ஓடுது. என்ர வேலை நடந்து போகுது," என்றாய். நடந்து போனால் மணப்பெண் பிளவுஸ் இல்லாமல்தான் மணவறையில் ஏற வேண்டும் என்றேன். அதற்கும் சிரித்தாய். நாற்பது வயதுக்குப் பிறகு கிடைக்கிற சிநேகிதம் பள்ளிக்கூடச் சிநேகிதத்தை விடக் கெட்டியானது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நீ தோலோடு வந்தாய். உன் கையில் சுருட்டிய தோலைக் கண்டதும், புகை மணம் வாசலுக்கு வந்ததும், நான் கதவைப் பாதியில் பிடித்துக்கொண்டேன்.

"மாமி சரியான சைவம். தோல் வீட்டுக்குள்ள வந்தால் அவவுக்கு ஒத்துவராது," என்றேன்.

"உன்ர வீடு, உன்ர சட்டம்," என்றாய்.

அன்றிலிருந்து கராஜ்தான். காருக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவில் மடிப்பு மேசையைப் போட்டுத் தந்தேன். ஜூலைக் குளிரில் நீ கம்பளித் தொப்பியோடு இருந்து தைத்தாய். ஜனவரி வெயிலில் கராஜ் கதவை மேலே தூக்கிவிட்டு, தெருவால் போகிற வருகிற ஆட்கள் பார்க்கப் பார்க்க இருந்து தைத்தாய். தேத்தண்ணியை அங்கே கொண்டுவந்து தந்தேன். கை கழுவவும் தோட்டத்துக் குழாயைக் காட்டினேன். இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

என் கைப்பை தோல். மாட்டுத் தோல், பரமட்டாவில் வாங்கியது. ஹோலுக்குள் நுழைந்தவுடன் கொளுக்கியில் தொங்கும். பாத்ரூம் போக நீ வீட்டுக்குள் வந்த நாளெல்லாம் அதைத் தாண்டித்தான் போனாய். ஒருநாள் போகிற போக்கில் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து மேசையில் இருந்தாய். நீ ஒன்றும் கேட்கவில்லை. நானும் காணாததுபோல மணி கோத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். மாமி அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. மாமியின் பெயரைச் சொன்னவள் நான். தோல் வேலை செய்பவரை வாசலுக்கு வெளியே நிறுத்துவது எங்கள் ஊரில் சாதியாக இருந்தது. அதைச் சின்ன வயதில் கண்டு, பிழை என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரையும் எழுதியவள் நான். இங்கே வந்து அதற்கு ஆசாரம், சுத்தம் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டேன். உங்கள் ஆட்களை எத்தனை வாசல்களில் யார் யார் நிறுத்தினார்கள் என்று நீ கராஜில் இருந்தபடியே எனக்குச் சொல்லியிருக்கிறாய். நான் தலையை ஆட்டி, எவ்வளவு அநியாயம் என்று சொல்லிக்கொண்டு தேத்தண்ணியை நீட்டினேன்.

வேலை என்றால் உன் வேலைதான் வேலை. கத்தியுறைக்கு உள்ளே தடித்த தோலை இன்னொரு உறையாக வைத்துத்தான் வெளித்தோலை மூடுவாய். இல்லாவிட்டால் கத்தி ஒவ்வொரு தரம் உள்ளே போகும்போதும் தையலை அறுக்கும். தோலைத் தைக்க முக்கோண முனை ஊசி, மணிக்கு மயிர்போல ஊசி. மணிக்கு எப்போதும் இரண்டு ஊசி, இரண்டு நூல். முதல் ஊசி மணிகளைக் கோத்துக்கொண்டு முன்னால் போகும். இரண்டாவது ஊசி பின்னால் வந்து, இரண்டு மணிக்கு ஒரு தரம் அந்த நூலைத் தோலோடு பிடித்துத் தைக்கும். தோலின் மறுபக்கம் வரை ஊசி போகக் கூடாது. தோலின் தடிப்புக்குள்ளேயே நுழைந்து வெளியே வர வேண்டும். பின்பக்கம் ஒரு குத்துக்கூடத் தெரியாது. ஆரி வேலையில் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, லைனிங் போட்டு மூடிவிடுவோம். நீ என் பிளவுஸ் ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓகோ, இப்பிடியே," என்றாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

நானும் செய்ய வேண்டும் என்று கேட்டபோது நீ மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை வைத்தாய். நான் ஆசைப்பட்டு உன் ரோஜாவைக் கடுதாசியில் பிரதி எடுத்ததைக் கண்டதும் மெல்ல அதை வாங்கி நாலாக மடித்தாய்.

"தையல் எல்லாருக்கும். இந்தப் பூ எங்கட அம்மாவின்ர. நீ உன்ர பூவைப் போடு."

எனக்கு ஒரு பூவும் இல்லை என்றேன். நீ எழுந்து கராஜின் பின்கதவால் போய், பந்தலில் நின்ற புடலங்கொடியைக் காட்டினாய். பொழுதுபடும் நேரம், வெள்ளைப் பூக்கள் நூல் நூலாகப் பிரிந்து விரிந்திருந்தன. காய் வந்ததா என்று மட்டும் பார்க்கிற எனக்கு அந்தப் பூ அப்படி இருக்கும் என்று நீ காட்டித்தான் தெரியும். கங்காரு தோலில் ஒரு சின்னப் பை வெட்டித் தந்தாய். அதில் புடலம்பூப் போட்டேன். பிழைத்துப் பிழைத்து, பிரித்துப் பிரித்து, ஒரு குளிர்காலம் முழுக்கப் போட்டேன். "கங்காரு முதுகில யாழ்ப்பாணம் ஏறிட்டுது," என்று நீ எல்லோருக்கும் காட்டினாய். அந்தப் பையை நான் ஒரு நாளும் வெளியே கொண்டுபோகவில்லை. கராஜ் அலுமாரியிலேயே வைத்திருந்தேன். ஏன் கொண்டுபோவதில்லை என்று நீ கேட்காதது உன் பெருந்தன்மை.

பிறகு உனக்குப் புற்றுநோய் வருத்தம் வந்தது. மருந்து ஏற்றி ஏற்றி உன் விரல் நுனிகள் மரத்துப்போயின. "ஊசி விரலுக்கை நிக்குதோ எண்டு கண்ணாலதான் பாக்க வேண்டிக் கிடக்குது," என்றாய். பஸ் ஓட்டுவது முதலில் நின்றது. அதற்கு நீ அழவில்லை. இரண்டாவது ஊசியைப் பிடிக்க முடியாது என்று தெரிந்த அன்றுதான் அழுதாய். மகளுக்கு ஓர் உறை செய்யாமல் போகிறேனே என்றாய். ஊருக்கெல்லாம் செய்து கொடுத்தவள், அவளுக்கு ஒன்று செய்ய எப்போதும் நேரம் இருக்கும் என்று தள்ளிப்போட்டிருந்தாய்.

அப்போதுதான் நான் சொன்னேன், நீ கோ, நான் தைக்கிறேன் என்று. என் வாழ்நாளில் நான் சொன்ன நல்ல சொற்கள் எவையென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஐந்து நிமிட நடையில் இருந்த உன் யூனிட் வீட்டுக்கு வேலை முடிந்து பின்னேரங்களில் வருவேன். நீ கட்டிலில் சாய்ந்திருப்பாய். உறை எங்கள் இருவர் மடிக்கும் நடுவில் தலையணையில் இருக்கும். நீ கண்ணால் பார்த்துப் பார்த்து மணி கோத்து முன்னால் போவாய். நான் இரண்டு மணிக்கு ஒரு தரம் பிடித்துத் தைத்துப் பின்னால் வருவேன். அவசரப்பட்டால், "என்ர ஊசிக்கு முன்னால ஓடாதே," என்பாய். தண்டின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மணிகள் வைத்தோம், உங்கள் ஊரில் அதை எலித்தடம் என்பீர்களாம். இதழ் இதழாக ரோஜா வந்தது. என் பிள்ளைகளோடுகூட நான் அவ்வளவு நெருங்கி ஒரு வேலை செய்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் சாமி அறைக்குப் போவேன். ஒருநாள் நேரமாகிவிட்டது என்று நான் எழும்ப, நீ கேட்டாய், "போய்க் குளிக்க வேணும் என்ன?" உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பின்னேரம் வரும்போது என் தலை காய்ந்திருக்கும், இரவில் மறந்த சாமானை எடுக்க வரும்போது ஈரமாய் இருக்கும் என்றாய். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாய்.

"தோலைத் தொட்டதுக்குக் குளிக்கிறியா, என்னைத் தொட்டதுக்கா?"

"தோலுக்குத்தான்," என்றேன். உடனே சொன்னேன். யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும். அதிலும் ஒரு துளி பொய் இருந்தது. உன் வருத்தமும் எனக்குப் பயமாய்த்தான் இருந்தது.

போன வருடம் கந்தசஷ்டி வந்தபோது, உனக்காக விரதம் பிடிப்பது என்று நேர்ந்துகொண்டேன். ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும். இறைச்சி, தோல் ஒன்றும் தொடுவதில்லை. உன்னை உயிரோடு வைத்திரு என்று முருகனிடம் கேட்டேன். முதல் நாள் உன்னிடம் வந்து சொன்னபோது நீ என் கையைப் பிடித்து நன்றி சொன்னாய். "நான் கோத்து வைக்கிறன். நீ உன்ர சண்டையை முடிச்சிட்டு வந்து தை," என்றாய். சூரனோடு முருகன் செய்யும் சண்டையை நான் உனக்குச் சொல்லியிருந்தேன். மாமரமாய் நின்றவனைப் பிளந்து மயிலும் சேவலுமாக்கி வைத்துக்கொண்டார் என்றதும், "கொல்லேல்லையே, நல்ல கடவுள்," என்றாய்.

மூன்றாம் நாள் நான் வந்தபோது இந்த வரி கோத்தபடி கிடந்தது. நீ தனியே கோத்திருந்தாய். மணி எல்லாம் ஒரே அளவு, ஒன்றும் கோணவில்லை.

"இண்டைக்கு விரல் சொல்வழி கேட்டுது. இதை மட்டும் இண்டைக்குப் பிடிச்சுத் தைச்சு விடு," என்றாய்.

"உனக்காகத்தானே விரதம். இடையில முறிக்கக் கூடாது."

"எனக்காக எண்டால் எனக்குத் தை."

இதை நீ கோபமாகச் சொல்லவில்லை. குளிர்ந்த தண்ணீர் கேட்பது போலத்தான் கேட்டாய். நான் கட்டில் ஓரத்தில் உறையிலிருந்து விலகி இருந்தேன். சேலைத் தலைப்பு அதில் படாமல் இழுத்துப் பிடித்திருந்தேன். கொஞ்ச நாள்தானே என்றேன். உன் முகத்தில் ஒரு வரி அளவுக்கு ஏமாற்றம் வந்துபோனது. பிறகு என்னைத் தேற்றினாய். "சரி. சட்டம் சட்டம்தான். நானும் கோபமாய் இருக்கிற நாள் தொட மாட்டன்தானே." போயிட்டு வாறன் என்று எழும்பினேன். நான் சொல்லித் தந்ததை மறக்காமல், "ஓம், போயிட்டு வா," என்று தமிழில் சொன்னாய்.

நாலாம் நாள் உன் மகள் நீ நித்திரை என்றாள். ஐந்தாம் நாள் பின்னேரம் நான் கோயிலில் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தேன். போன் பைக்குள் அணைந்திருந்தது. கார் நிறுத்துமிடத்துக்கு வந்து அதைத் திறந்தபோது உன் மகளின் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. ஜக்கரண்டாப் பூ காரின்மேல் கொட்டிக் கிடந்தது. துடைத்துவிட்டு ஏறவா, துடைக்காமல் ஏறவா என்று யோசித்தபடி நின்றது ஞாபகம் இருக்கிறது. பைத்தியம்தான்.

விரதம் முடித்துப் பாறணைச் சோறு சாப்பிட்ட அன்று மாமியிடம் சொல்லி அழுதேன். அந்த ஒரு வரியை நான் தைத்துக் கொடுக்கவில்லை மாமி, தோல் தொடக் கூடாது என்று விட்டுவிட்டேன் என்று. மாமி சோற்றைப் பிசைந்த கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"விரதத்தில தோல்..."

"அப்ப கோயில்ல தவில் என்ன பிளாஸ்ரிக்கே? சாமிக்கு முன்னால தானே அடிக்கினம்."

மாமி விடவில்லை. "அந்தப் பிள்ளை எந்த நாளும் கராஜுக்கை ஏன் இருந்தது?"

"நீங்கள் சைவம் எண்டு..."

"நான் எப்ப சொன்னனான்? வீட்டுக்கை வரக் கூச்சப்படுதாக்கும் எண்டு நான் நினைச்சன். கூப்பிட எனக்கு இங்கிலீசும் தெரியாது." மாமி சோற்றைத் தட்டில் அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

என்னை யாராவது திட்டியிருக்கலாம். நீயும் திட்டவில்லை, உன் மகளும் திட்டவில்லை. நீ சட்டம் சட்டம்தான் என்று எனக்கு இடம் விட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய். நீ மதித்த சட்டம் சட்டமே இல்லை, என் கூச்சம் மட்டும்தான் என்று உனக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இந்த ஒரு வருடமும் அந்த உறை எங்கே என்று உன் மகளை நான் கேட்கவில்லை. அவளும் அதை எடுத்துப் பார்க்கத் துணியவில்லையாம். நாங்கள் இரண்டு பேரும் அவளது அலுமாரி ஒன்றுக்குப் பயந்து வாழ்ந்திருக்கிறோம்.

பேனையை இங்கே வைக்கிறேன். மனம் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கொண்டுவந்ததில் பெரும்பகுதி இப்போது இந்தத் தாள்களில் இருக்கிறது. நீ சொன்னபடி தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன்.

சனிக்கிழமை இரவு. மிச்சத்தை எழுதுகிறேன்.

காலையில் மடிப்பு மேசையை எடுக்கக் கராஜுக்குப் போனேன். போன காலோடு திரும்பினேன். குசினி மேசையைத் துடைத்து, யன்னலோடு இழுத்துப் போட்டு, உறையை அதில் வைத்தேன். மாமி தடியை ஊன்றிக்கொண்டு வந்து எதிர்க் கதிரையில் இருந்தார். உறையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். "போயிலைக்குப் புகை போடுற குடில் மாதிரிக் கிடக்குது. நல்ல மணம்," என்றார். விரதத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பாலைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

நீல ஒட்டுநாடாவை மெல்ல உரித்தேன். ஒரு மணியும் போகவில்லை. உன் நூலை இதழின் வளைவுக்குப் படுக்க வைத்து, என் ஊசியை மெழுகு நூலோடு தோலின் தடிப்புக்குள் விட்டேன். முதல் பிடி இறுகவே இல்லை. கண் நிறைந்து ஊசி தெரியவில்லை. வெளியே போய்ப் புடலம் பந்தலுக்குக் கீழே நின்றுவிட்டு வந்தேன். பிறகு கை வந்தது. இரண்டு மணிக்கு ஒரு தரம், இரண்டு மணிக்கு ஒரு தரம். நீ முன்னால் போயிருந்தாய், நான் பின்னால் வந்தேன். அவசரப்படவில்லை. முன்னால் ஓடுவதற்கு உன் ஊசி நகரவில்லை, அது வரியின் கடைசியில் காத்துக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குச் சற்றுப் பிறகு அங்கே போய்ச் சேர்ந்தேன்.

பின்னேரம் உன் மகள் வந்தாள். வரி படிந்திருப்பதைத் தடவிப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள், உன் மகள்தானே. ஒரு குத்தும் தெரியவில்லை. பிறகு இதழின் நடுவில் மிஞ்சியிருந்த வெறுமையைக் காட்டி, அதையும் நிரப்பித் தரலாமா, என்னிடம் மணி இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. நிறமும் அளவும் சரியாகவே இருந்தது. ஒரு மணித்தியால வேலை.

"இல்லையம்மா. அம்மா கோத்ததைத்தான் நான் தைக்கலாம். பூ உங்கட. மிச்சத்தை உன்ர மாமாவின்ர மனுசியிட்டைக் குடு," என்று அவளுக்குச் சொன்னேன். கோத்து முடிந்த நூலையும் நான் அறுக்கவில்லை. உன் ஊசியை அதிலேயே விட்டு ஒரு துணித்துண்டில் குத்திக் கொடுத்தேன். அங்கே யாராவது அதைப் பிடித்துத் தொடரட்டும். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். கத்தியைக் கைப்பொதியில் வைக்காமல் பெரிய பெட்டியில் வை என்று அவளுக்குப் புத்தியும் சொன்னேன். அதற்கு அவள் சிரித்தாள்.

அவள் போகும்போது கராஜ் அலுமாரியைத் திறந்து புடலம்பூப் பையை எடுத்துவந்து, ஹோல் கொளுக்கியில் கைப்பைக்குப் பக்கத்தில் மாட்டினேன். திங்கட்கிழமை சூரன்போருக்கு அதைத்தான் கொண்டுபோகப் போகிறேன். யாராவது கேட்டால் யார் சொல்லித் தந்தது என்று சொல்வேன். இது உனக்குச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாத காரியம் என்பதையும் நான் மறக்கவில்லை.

பொழுதுபட்டதும் விளக்குக் கொளுத்த எழும்பினேன். சாமி அறை வாசலில் மாமி, "குளிச்சிட்டியே பிள்ளை?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

"இல்லை மாமி."

மாமி தடியை நகர்த்தி வழி விட்டார். கை கழுவாமல் உள்ளே போனேன். திரியைத் தூண்டும்போது விரலில் இருந்த புகை மணம், தோலின் மணம், உன் மணம், எண்ணெய் மணத்தோடு சேர்ந்து எழும்பியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். முருகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீ உயிரோடு இருந்தபோது, இத்தனை வருடமும், நான் ஒரு நாளும் உன்னை உள்ளே கூப்பிடாத அறை அது.